தேர்வு அறையில் எதைக் கேட்கிறார்கள்?

பதினேழு வயது வயலின் மாணவி ஒருவரின் கேள்வி இது. மேற்கத்தியச் செவ்வியல் இசையைப் பத்து ஆண்டுகளாகப் பயில்கிறார். அடுத்த குளிர்காலத்தில் மூன்று இசைக்கல்லூரிகளின் நுழைவுத் தேர்வில் வாசிக்கப்போகிறார். நடுவர்கள் எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், எப்படித் தயாராவது என்று கேட்கிறார். கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: ‘இந்த இசைக்கு இனி எதிர்காலம் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மையென்றால் நான் ஏன் இதில் இறங்க வேண்டும்?’

நான் நடுவர் அல்லன், பியானோவில் பக்கவாத்தியம் வாசிப்பவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இத்தகைய தேர்வுகளில் மாணவர்களோடு வாசித்துவருகிறேன். ஒரு மாணவர் வெளியே போய் அடுத்தவர் உள்ளே வரும்வரை நான் பியானோ முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன். அந்த இடைவெளியில் மேசைக்குப் பின்னால் பேசிக்கொள்வது என் காதிலும் விழும். இந்தப் பதிலில் பெரும்பகுதி அப்படிக் காதில் விழுந்தவற்றிலிருந்து வந்தது.

முதலில் அந்த அறையைப் பற்றி. உங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து. முழுப் பாடலையும் வாசிக்க விடமாட்டார்கள். நீங்கள் மாதக்கணக்கில் செதுக்கிய மெதுவான பகுதியை ஒரு பக்கம் கேட்டுவிட்டு, ‘நன்றி, அடுத்ததைத் தொடங்குங்கள்’ என்பார்கள். நடுவில் நிறுத்தினால் தோற்றுவிட்டோம் என்று நினைத்து, அடுத்த பாடலைக் கலங்கிய மனதோடு வாசித்துக் கெடுத்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வேண்டியது கிடைத்துவிட்டது என்பதுதான் அதற்குப் பொருள். அறையின் ஒலியும் நீங்கள் வீட்டில் கேட்டுப் பழகியதாக இருக்காது. திரைச்சீலையும் தரைவிரிப்பும் நாதத்தை உறிஞ்சிவிடும். அதை ஈடுகட்ட வில்லை அழுத்தாதீர்கள். அழுத்த அழுத்த நாதம் இன்னும் சுருங்கும்.

தமிழில் ‘கேட்பது’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது இந்த விஷயத்துக்கு மிகவும் பொருந்துகிறது. தேர்வில் என்ன கேட்பார்கள் என்றுதான் எல்லா மாணவர்களும் விசாரிக்கிறார்கள். எதைக் கேட்கிறார்கள் என்று விசாரிப்பவர்கள் குறைவு.

வயலினைச் சுருதி சேர்க்கும்போதே தேர்வு தொடங்கிவிடுகிறது. பியானோவிலிருந்து நான் ஒரு ஸ்வரம் கொடுக்கிறேன். சிலர் உடனே தந்திகளை இழுத்து, ஆணியைத் திருகி, ‘முடிந்தது’ என்ற முகத்தோடு நிமிர்ந்துவிடுவார்கள். சிலர் அந்த ஸ்வரம் அடங்கும்வரை காத்திருந்து, பிறகு வில்லை வைப்பார்கள். மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் அதற்குள் ஏதோ எழுதிவிடுவார்கள். நான் பார்த்தவரையில் அந்த முதல் கணிப்பு கடைசிவரை பெரிதாக மாறியதில்லை.

விரல் தடுமாறுவதை அவர்கள் மன்னிக்கிறார்கள். பதற்றத்தில் வில் நடுங்குவதையும் மன்னிக்கிறார்கள், ஏனென்றால் அவர்களும் அதே இடத்தில் நடுங்கியவர்கள். தான் வாசிப்பதைத் தானே கேட்காத வாசிப்பை மட்டும் மன்னிப்பதில்லை. இதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

வயலின் குடும்பத்தின் கீழ்க்குரல் வாத்தியமான செல்லோ வாசித்த ஒரு பெண், இசையமைப்பாளர் பாஹ்வின் சரபாந்தில், அதாவது ஒரு மெதுவான நடனப் பகுதியில், நினைவு தப்பி நின்றுவிட்டார். அறை உறைந்துபோனது. அவர் முகத்தில் பயம் தெரிந்தது, ஆனால் கை காலப்பிரமாணத்தை விடவில்லை. இரண்டு தாள அளவு மௌனம். பிறகு கீழ்த்தந்தியில் அந்த இடத்துக்குரிய அடிஸ்வரத்தைப் பிடித்து, அதே நடையில் மேலே ஏறிவிட்டார். அவர் போனதும் ஒரு நடுவர் சொன்னார்: ‘நின்ற இடத்திலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.’ அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது.

இன்னொருவர் சிபெலியுஸின் கன்செர்ட்டோவோடு வந்த இளைஞர். கன்செர்ட்டோ என்பது ஒரு தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு, தேர்வில் குழுவின் பங்கைப் பியானோ வாசிக்கும். ஒரு ஸ்வரம் தவறவில்லை. நடுவில் ஒரு திருப்பத்தில் நான் அரை நொடி தாமதித்துக் கொடுத்தேன். அங்கே அப்படித்தான் மூச்சு வாங்க வேண்டும். அவர் நான் அறையில் இல்லாததுபோலப் போய்க்கொண்டே இருந்தார். ஒரு நடுவர் நிறுத்தி, ‘அந்த எட்டுத் தாள அளவுகளில் மெட்டு பியானோவிடம் இருக்கிறது. நீங்கள் அதற்குத் துணையாக வாசித்துக் காட்டுங்கள்’ என்றார். மறுபடியும் அதே அழுத்தம், அதே வேகம். இன்னொரு முறை கேட்டார். அப்போதும் அதேதான். அந்த இளைஞர் தேறவில்லை. நடுவர் சோதித்தது திறமையை அல்ல. நான்கு ஆண்டுகள் இவருக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்பதைத்தான் சோதித்தார். சொன்னது செவியில் ஏறி, கையில் இறங்கி, நாதத்தில் மாற்றமாக வெளிவருகிறதா என்று பார்த்தார். தேர்வில் நடுவர் ஏதாவது மாற்றி வாசிக்கச் சொன்னால் மகிழுங்கள். தயங்காமல், சற்று மிகையாகவே மாற்றிக்காட்டுங்கள்.

இனிப் பாடத் தேர்வு. வயலினுக்குப் பெரும்பாலான கல்லூரிகள் கேட்பது ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும்: பாஹ்வின் தனி வயலின் படைப்புகளிலிருந்து ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு பகுதிகள், ஒரு கன்செர்ட்டோவின் முதல் பகுதி, பகனினியின் காப்ரிஸ் எனப்படும் கடினமான தனி வயலின் துண்டுகளில் ஒன்றோ அதற்கு ஈடான ஒரு எட்யூடோ (பயிற்சிப் படைப்பு), மூன்று எண்மங்களில் (ஸ்தாயிகளில்) ஸ்கேல்கள் (ஆரோகண அவரோகண வரிசைகள்). பட்டியல் கல்லூரிக்குக் கல்லூரி சற்று மாறும். மூன்றையும் ஒரு தாளில் எழுதிவைத்து, பொதுவாக வருவனவற்றை முதலில் முடிவுசெய்யுங்கள். உங்கள் கையின் எல்லையில் நிற்கும் பாடலை எடுக்காதீர்கள். ஓராண்டாவது உங்களோடு வாழ்ந்த, நான்கு பேர் முன்னால் வாசித்துக் கெட்டு, திரும்பவும் வாசித்துத் தேறிய பாடலை எடுங்கள். பெரிய கன்செர்ட்டோவால் யாரும் மயங்குவதில்லை. அன்று காலையிலிருந்து அதே கன்செர்ட்டோவை அவர்கள் ஆறு முறை கேட்டிருப்பார்கள்.

பாஹ்வை ஏன் எல்லோரும் கேட்கிறார்கள்? அவருடைய தனி வயலின் படைப்புகளான மூன்று சொனாட்டாக்களும், நடனப் பகுதிகளால் ஆன மூன்று பார்ட்டிட்டாக்களும் 1720 என்று தேதியிட்டு அவர் தம் கையாலேயே எழுதிய பிரதியில் நமக்குக் கிடைத்திருக்கின்றன. துணைக்கு ஒருவரும் இல்லாமல், நான்கு தந்திகளுக்குள் இரண்டு மூன்று குரல்களை அடக்கியிருக்கிறார். ஒரு குரலை வாசிக்கும்போது மற்றக் குரல் உங்கள் மனதில் ஓடவில்லையென்றால் கேட்பவருக்கும் அது ஓடாது. என் பியானோவுக்குப் பின்னால் மறைந்துகொள்ளவும் வழியில்லை. ஒரே கருப்பொருளைப் பல குரல்கள் துரத்திவரும் ஃபியூகை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று எண்ணாதீர்கள். ஒரு மெதுவான பகுதியையும் ஒரு நடனப் பகுதியையும் உயிரோடு வாசித்தாலே போதும். நடனப் பகுதியை ஒருமுறை எழுந்து அடிவைத்து நடந்து பாருங்கள். தாளத்தின் எந்த இடத்தில் கால் தரையைத் தொடுகிறது என்பது விளங்கினால், வில் எங்கே கனமாக வேண்டும் என்பதும் விளங்கும்.

மோட்சார்ட்டைக் கேட்கும் கல்லூரிகளும் உண்டு. இசைக்குழுக்களின் வேலைத் தேர்வுகளிலோ அவர் கன்செர்ட்டோ அநேகமாகத் தப்பாமல் வரும். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது கன்செர்ட்டோக்களை அவர் 1775இல், பத்தொன்பது வயதில் எழுதினார். விரலுக்கு அவ்வளவு கடினமில்லை, அதனால்தான் பயங்கரம். ஒரு ஸ்வரத்தின் முடிவை எப்படி விடுகிறீர்கள், சின்ன இசை வாக்கியத்துக்குள் எந்த ஸ்வரத்தை அழுத்துகிறீர்கள் என்று ஒவ்வொன்றும் வெளிச்சத்தில் நிற்கும். இந்தக் கன்செர்ட்டோக்களுக்கு மோட்சார்ட் எழுதிய காடென்சா, அதாவது இசைக்குழு நின்றுவிட வயலின் மட்டும் தனியே வாசிக்கும் பகுதி, எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. நாம் வாசிப்பவை யோவாகிம் போன்ற பிற்கால வயலின் மேதைகள் எழுதியவை. நீங்களே ஒன்று எழுதிப் பாருங்கள். தேர்வில் வாசிக்கத் துணிவு வராவிட்டாலும், எழுதிய கை அந்த கன்செர்ட்டோவை வேறு மாதிரி வாசிக்கும்.

சாதகத்தைப் பற்றி உங்கள் ஆசிரியர் என்னைவிட நன்றாகச் சொல்வார். நான் பக்கத்திலிருந்து பார்ப்பதை மட்டும் சொல்கிறேன். தேர்வில் கவிழ்பவர்களில் பலர் குறைவாகச் சாதகம் செய்தவர்கள் அல்லர். கவிழ்ந்தால் நின்று, திரும்ப வாசித்து, சரியானதும் மேலே போவது என்று மட்டுமே பழகியவர்கள். தேர்வு ஒரு முறைதான் நடக்கும். ஆகவே, தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே ஒவ்வொரு நாளும் கையைச் சூடாக்காமல், நேரே உறையிலிருந்து வயலினை எடுத்து, முதல் பாடலின் முதல் பக்கத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்யுங்கள். நிறுத்தக்கூடாது. மாலையில் அதைக் கேளுங்கள். முதல் வாரம் அழுகை வரும், நான்காவது வாரம் உங்கள் செவி கூர்மையாகிவிட்டது உங்களுக்கே தெரியும். வாசிக்கும்போது கேட்காமல் போனவையெல்லாம் பதிவில் கேட்கும். அந்த இடைவெளியைக் குறைப்பதுதான் நாம் செய்கிற சாதகம் அத்தனையின் நோக்கமும்.

வலியோடு வாசிக்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். பியானோ மேதையாக விரும்பிய இசையமைப்பாளர் ஷூமானின் வலது கை இளம் வயதிலேயே பழுதானது. பியானோ கலைஞர் லியான் ஃப்ளைஷருக்கு 1960களில், புகழின் உச்சியில் இருந்தபோது வலது கை விரல்கள் தானாக மடங்கத் தொடங்கி, பல பத்தாண்டுகள் இடது கைக்கான படைப்புகளை மட்டுமே வாசிக்க நேர்ந்தது. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது சாதக நேரத்தை இரண்டு மடங்காக்குவது மாணவர்கள் செய்யும் மிக மோசமான காரியம். அந்தக் கடைசி மூன்று வாரங்களில் மணிக்கணக்கு குறைய வேண்டும். இசைத்தாளை மேசையில் விரித்து, வயலின் இல்லாமல், மனதுக்குள் முழுவதும் வாசித்துப் பாருங்கள். நினைவு எங்கே ஓட்டையாக இருக்கிறது என்பது அதில்தான் தெரியும்.

பல கல்லூரிகள் முதலில் வீடியோ அனுப்பச் சொல்லி, அதில் தேறுபவர்களைத்தான் நேரில் அழைக்கின்றன. ஒரு பாடலை ஒரே தொடர்ச்சியாக, வெட்டி ஒட்டாமல் எடுக்க வேண்டும். முகமும் இரு கைகளும் தெரிய வேண்டும். ஒலிவாங்கியை வயலினுக்கு மிக அருகில் வைத்தால் வில்லின் உரசல்தான் பதிவாகும், சில அடி தள்ளி வையுங்கள். நாற்பது முறை எடுக்காதீர்கள். ஒரே நாளில் எடுத்தவற்றில் சிறந்தது பெரும்பாலும் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ இருக்கும். அதற்குப் பிறகு தவறு குறையும், கூடவே உயிரும் குறையும்.

பக்கவாத்தியக்காரரைப் பற்றி நான் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்? தாள்களை ஒரு மாதத்துக்கு முன்பே கொடுங்கள். அன்று காலை அறிமுகமில்லாத ஒருவரோடு வாசிக்க நேர்ந்தால், அறைக்கு வெளியே கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் மூன்றே விஷயங்களைச் சொல்லுங்கள்: தொடங்கும் காலப்பிரமாணம், எங்கே நிற்பீர்கள், எங்கே ஓடுவீர்கள். காலப்பிரமாணத்தை எண்ணிச் சொல்ல வேண்டாம், முதல் வாக்கியத்தை மெல்லப் பாடிக் காட்டுங்கள். தொடங்கும்போது தலையை ஆட்டி அழைக்க வேண்டாம். பாடப்போகிறவர்போல மூச்சை இழுங்கள், அந்த மூச்சிலேயே வேகமும் குணமும் எங்களுக்குத் தெரிந்துவிடும்.

பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் சோதனை, இசைக் கோட்பாட்டுத் தாள், செவிப் பயிற்சிச் சோதனை, நேர்காணல் ஆகியவையும் இருக்கலாம். இவற்றால் உள்ளே போனவர்கள் குறைவு, வெளியே நின்றவர்கள் உண்டு. தினம் இருபது நிமிடம் ஒதுக்குங்கள்.

கட்டடத்தின் பெயரைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்போவது ஒரு மனிதர். வாரத்துக்கு ஒரு மணி நேரம், நான்கு ஆண்டுகள், ஒரே அறையில் அவரோடு இருக்கப்போகிறீர்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்டால் பல ஆசிரியர்கள் ஒரு பாடம் எடுத்துப் பார்க்க ஒப்புக்கொள்வார்கள். அந்தப் பாடம் முடிந்து வெளியே வரும்போது வயலினை மறுபடி எடுக்கத் தோன்றுகிறதா, மூடிவைக்கத் தோன்றுகிறதா என்று கவனியுங்கள். அவருடைய மாணவர்கள் எல்லோரும் ஒரே குரலில் வாசித்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். இசைப் படிப்புக்காகப் பெருங்கடன் வாங்காதீர்கள். கட்டணமில்லாமல் உலகத் தரத்தில் சொல்லிக்கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. பிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைக் கழகம் 1928 முதல் எந்த மாணவரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. யேல் பல்கலைக்கழகத்தின் இசைப்பள்ளி 2005இல் கிடைத்த ஒரு பெருங்கொடைக்குப் பிறகு கட்டணத்தை நீக்கியது. ஆனால் அது பெரும்பாலும் முதுநிலைப் படிப்புக்கான இடம். ஜெர்மனியின் அரசு இசைக்கல்லூரிகளில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் கேட்பதில்லை. அங்கெல்லாம் இடம் கிடைப்பது கடினம் என்பது உண்மை. கடனோடு வெளியே வந்து, மாதத் தவணைக்காகக் கிடைத்ததையெல்லாம் வாசித்து, இரண்டே ஆண்டில் வயலினை விற்றவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் நின்றது திறமை இல்லாததால் அல்ல.

கிடைக்கவில்லையென்றால்? 1832இல், பின்னாளில் பெரிய ஓபரா இசையமைப்பாளரான வெர்டி, பதினெட்டு வயதில் மிலான் கன்சர்வேட்டரியில் (இசைக்கல்லூரியில்) இடம் கேட்டுப் போனார். வயது வரம்பு தாண்டிவிட்டது, அன்றைய எல்லைகளின்படி வெளிநாட்டவர், பியானோவில் கை வைக்கும் முறை சரியில்லை என்று சேர்க்க மறுத்துவிட்டார்கள். இன்று அந்தக் கல்லூரிக்கு அவர் பெயர்தான். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு, பாரிஸ் கன்சர்வேட்டரி, பின்னாளில் பியானோ மேதையான லிஸ்ட்டை வெளிநாட்டவர் என்ற காரணத்தால் சேர்க்கவில்லை. இவற்றை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, நிராகரிக்கப்பட்ட எல்லோரும் வெர்டி ஆகிவிடுவதில்லை. பதினைந்து நிமிடத்தில் மனிதர்கள் செய்யும் தேர்வில் பிழை இருக்கும், அதோடு அந்தந்தக் காலத்தின் சாய்வும் இருக்கும். அதற்காகவே சொல்கிறேன்.

அந்தச் சாய்வைக் குறைக்க இசைக்குழுக்கள் ஒரு எளிய வழி கண்டன. நடுவருக்கும் வாசிப்பவருக்கும் இடையே திரை கட்டினார்கள். 1952இல் பாஸ்டன் சிம்ஃபனி இசைக்குழு இதைத் தொடங்கிவைத்தது. 1970களுக்குப் பிறகு அமெரிக்காவில் பரவலாயிற்று. காலணி ஓசைகூட வாசிப்பவர் ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் தரைவிரிப்பும் போட்டார்கள். 1980இல் மியூனிக் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் தேர்வுக்கு, டிராம்போன் என்ற ஊதுகருவியின் கலைஞர் ஆபி கோனன்ட்டை ‘திரு’ என்று விளித்து அழைப்பு வந்தது. திரைக்குப் பின்னால் வாசித்து வென்றார். வென்றவர் பெண் என்று தெரிந்ததும் சிக்கல் தொடங்கியது. அவரை இரண்டாம் இடத்துக்கு இறக்கினார்கள், முதல் இடத்தையும் சமமான ஊதியத்தையும் மீட்க அவர் 1993 வரை நீதிமன்றம் ஏறினார். இசைக்கல்லூரித் தேர்வுகளில் பொதுவாகத் திரை கிடையாது, மாணவரின் கையையும் உடலையும் ஆசிரியர் பார்க்க வேண்டும் என்பது காரணம். நியாயமான காரணம்தான். ஆனாலும் ஒரு ‘இல்லை’யை உங்கள் திறமைக்கான இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓராண்டு கழித்துத் திரும்பி வந்து தேறியவர்களோடு நான் பலமுறை வாசித்திருக்கிறேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இந்த இசைக்கு எதிர்காலம் இல்லை என்று சொல்பவர்கள், இசையையும் அதை நடத்தும் ஏற்பாட்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஏற்பாடு நோயில் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு முழு இசைக்குழுவில் எண்பது முதல் நூறு பேர்வரை இருப்பார்கள். ஒருவர் ஓய்வுபெற்றாலோ விலகினாலோதான் இடம் காலியாகும். அந்த ஓர் இடத்துக்கு நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வருவது சாதாரணம். ஆண்டுதோறும் பட்டம் பெற்று வெளியே வருபவர்களின் எண்ணிக்கை காலியிடங்களைவிடப் பல மடங்கு. இசைக்குழுவில் நிரந்தர இடம் என்ற ஒரே கனவோடு போகிறீர்களானால், பெரும்பாலும் ஏமாற்றம்தான் கிடைக்கும். இதை உங்களுக்குச் சொல்லாமல் மறைக்கும் கல்லூரிகள் தவறு செய்கின்றன.

ஆனால் அந்த ஏற்பாடு இந்த இசையோடு பிறந்ததல்ல. இசையமைப்பாளர் ஹைடன் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் எஸ்டர்ஹாஸி பிரபுவின் மாளிகையில் சீருடை அணிந்த ஊழியராக இருந்தார். 1790இல் பிரபு இறந்தார். அடுத்து வந்தவர் இசைக்குழுவைக் கலைத்துவிட்டார். அன்றைக்கு அந்த மாளிகையில் நின்ற ஒருவர், ‘இசையின் காலம் முடிந்தது’ என்று சொல்லியிருந்தால் நம்பத்தான் தோன்றியிருக்கும். ஐம்பத்தெட்டு வயதில் ஹைடன் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அங்கே டிக்கெட் வாங்கிய பொதுமக்கள் முன்னால் அவருடைய சிம்ஃபனிகள் ஒலித்தன. பிரபுக்களின் கூடம் போய்ப் பொது அரங்கம் வந்தது. வியன்னாவிலும் நியூயார்க்கிலும் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுக்கள் 1842இல் தோன்றின, பெர்லினில் 1882இல். இன்று தள்ளாடுவது இந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஏற்பாடுதான். அடுத்தது என்ன என்று நமக்கு இன்னும் தெளிவாகத் தெரியவில்லை. 1790இல் ஹைடனுக்கும் தெரிந்திருக்காது.

இறந்துபோனதாகவே தோன்றிய இசையும் உண்டு. இயேசுவின் துன்பங்களைப் பாடும், பாஹ் எழுதிய ‘மத்தேயு பாடுகள்’ என்ற இசை, அவர் காலத்துக்குப் பிறகு பல பத்தாண்டுகள் அரங்கில் ஒலிக்கவில்லை. 1829இல் இருபது வயது இசையமைப்பாளர் மெண்டல்சன் அதைப் பெர்லினில் நடத்திக்காட்டினார். பாஹ்வின் தனிச் செல்லோ தொகுப்புகள் பயிற்சிப் பாடங்களாகவே கருதப்பட்டுவந்தன. 1890இல், பின்னாளில் செல்லோ மேதையான பாப்லோ கசால்ஸ், பதின்மூன்று வயதில் பார்சலோனாவில் ஒரு பழைய இசைத்தாள் கடையில் அவற்றின் பதிப்பைக் கண்டெடுத்தார், பல ஆண்டுகள் தனியே வாசித்து ஊறிய பிறகே மேடைக்குக் கொண்டுவந்தார். ஃப்ளாரன்ஸ் பிரைஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் சிம்ஃபனியை 1933இல் சிகாகோ சிம்ஃபனி இசைக்குழு வாசித்தது. அவர் இறந்த பிறகு உலகம் மறந்தது. 2009இல், இலினாய் மாநிலத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு வீட்டில் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. இன்று அவர் படைப்புகள் பல நாட்டு அரங்குகளில் ஒலிக்கின்றன. தாளில் இருக்கும் இசைக்குச் சாவு இல்லை, நீண்ட உறக்கம் உண்டு. அதை எழுப்பத் தாளைப் பார்த்தே செவியில் கேட்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அப்படி ஒருவரை உருவாக்குவதற்குத்தான் இசைக்கல்லூரி. இந்த ஒரு காரணத்தாலேயே அது இருந்தாக வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

இந்த இசையின் நிலப்பரப்பும் மாறிவிட்டது. ஷாங்காய் கன்சர்வேட்டரி 1927லேயே தொடங்கப்பட்டது. இன்று உலகப் போட்டிகளில் கிழக்காசியாவின் பெயர்கள் இல்லாத இறுதிச் சுற்றைக் காண்பது அரிது. வெனிசுவேலாவில் 1975இல் ஹோசே அன்டோனியோ ஆப்ரூ தொடங்கிய எல் சிஸ்டெமா என்ற இசைக்கல்வி இயக்கம், ஏழைக் குழந்தைகள் கையில் வயலினைக் கொடுத்தது. உலகப் புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநர் குஸ்தாவோ டுடாமெல் அதிலிருந்துதான் வந்தார். பெர்லின் ஃபில்ஹார்மோனிக் 2008இல் இணையவழி அரங்கைத் திறந்தது, பெர்லினுக்கு ஒருநாளும் போகாதவர்களும் அதைக் கேட்கிறார்கள். அந்த வசதி இல்லாமல் நீங்களே இந்த இசைக்குள் வந்திருப்பீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

இயந்திரம் இசையமைக்கிறதே என்பார்கள். பின்னணிக்காக மட்டும் தேவைப்படும் இசையை, யாரும் உட்கார்ந்து கேட்காத இசையை, இயந்திரம் எடுத்துக்கொள்ளும். ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்துப் பிழைத்தவர்களுக்கு அது அடிதான், ஏற்கெனவே விழத் தொடங்கிவிட்டது. ஆகவே, நீங்கள் கற்க வேண்டியது அகலமாக இருக்கட்டும். சொல்லிக்கொடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள், இந்தத் துறையில் ஏறக்குறைய எல்லோரும் ஏதோ ஒரு காலத்தில் அதில்தான் வாழ்கிறார்கள், அது தோற்றவர்களின் தொழில் அல்ல. வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரலுடைய வியோலாவும் வாசிக்கப் பழகுங்கள். உங்களோடு படிக்கும் இசையமைப்பாளர்களின் புதிய படைப்புகளை மறுக்காமல் வாசியுங்கள். மோட்சார்ட்டும் பீத்தோவனும் தாளில் இல்லாததை மேடையிலேயே கற்பனை செய்து வாசித்தவர்கள். அந்தப் பழக்கத்தைச் செவ்வியல் பயிற்சி இடையில் கைவிட்டது பெரிய இழப்பு. உங்கள் தலைமுறை அதைத் திரும்ப எடுக்க வேண்டும். காடென்சா எழுதச் சொன்னது அதனால்தான்.

நீங்கள் போக வேண்டுமா என்று என்னால் தீர்மானிக்க முடியாது. ஆனால் ஒன்றைச் செய்து பார்க்கலாம். தேர்வுகள் முடிந்து முடிவு வருவதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். அந்த நாட்களில் இன்னொரு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ வாசிப்பவர்களைத் தேடிப் பிடியுங்கள். ஹைடன் 1772இல் எழுதிய ஆறு நால்வர் இசைகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு மாலை உட்காருங்கள். முதல் மாலை நான்கு பேரும் நான்கு திசையில் போவீர்கள். இரண்டாவது வயலினை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், முதலாவதை அல்ல. அங்கே நடுவர் இல்லை, மதிப்பெண் இல்லை, கூட்டமும் இல்லை. நான்காவது வாரத்தில் செல்லோ ஒரு வாக்கியத்தைத் தொடங்க, நீங்கள் நினைக்காமலே உங்கள் வில் அதற்கேற்ப இலேசாகும். அது நடந்த அன்று இரவு எனக்கு எழுதுங்கள். முடிவு என்னவாக வந்தாலும், அதற்குப் பிறகு நாம் பேச நிறைய இருக்கும்.